ஒட்டா வண்ணம்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கையளவு நாளிதழ்த் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் அச்செழுத்துகளின் மீது ஒரு பூனையின் முகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யாரும் அதைத் தாளில் வரையவில்லை. நாலங்குல உயரமுள்ள ரெசின் பொம்மையொன்றின் மேல் தீட்டப்பட்ட வண்ணம், பொம்மையைக் கைவிட்டுத் தாளோடு வந்துவிட்டது. ஆகவே இப்போது தெரிவது முகத்தின் உட்புறம். கண்கள் தாளை நோக்கித் திரும்பியிருக்கின்றன. அந்தக் கண்களைத் தீட்டியவர் என் தந்தை. அவர் தூரிகை பிடித்துக் கடைசியாக முடித்த வேலை அது. அது உரிந்து வந்ததற்குக் காரணம் நான்.

ரெசினில் வார்த்த சிற்றுருவங்களின் மேல் வண்ணம் நிலைக்க வேண்டுமானால், வண்ணத்துக்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இரண்டு ஆண்டுகளாகக் கற்றுக்கொண்டு வருகிறேன். கழுவுவது, தேய்ப்பது, அடிப்பூச்சு கொடுப்பது என்று மூன்று சொற்களில் அடங்கிவிடுகிற விஷயம். அதை இவ்வளவு விரித்து எழுத வேண்டுமா என்று எனக்கே தோன்றியது. ஆனால் அந்த மூன்றில் முதலாவதைச் செய்ததாக ஒரு காலைப்பொழுதில் நான் பொய் சொன்னேன். அதனால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

*

அப்பா செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தார். ஊரில் அவருக்குப் பெயர் ‘டிராயிங் மாஸ்டர்’. ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் ஏற்றி மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வார். கலங்கரை விளக்கம், வெண்ணெய் உருண்டைப் பாறை எல்லாம் பிற்பகலுக்குத்தான். காலை முழுவதும் பெருந்தவப் பாறைக்கு எதிரே எல்லாரையும் உட்கார வைத்து ஒரே ஒரு வேலை கொடுப்பார்: பூனையை வரைய வேண்டும்.

அந்தப் பூனையைப் பலரும் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். பெரிய யானையின் தந்தத்தருகே, பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் உயர்த்தித் தவம் செய்கிறது. வயிறு ஒட்டி விலா எலும்பு தெரிகிறது. சுற்றிலும் எலிகள். மேலே இடப்புறம் ஒற்றைக்காலில் நிற்கும் முனிவர் அர்ச்சுனனா பகீரதனா என்பது ஆய்வாளர்களிடையே தீராத வழக்கு. “பெரியவங்க அதைப் பேசி முடிக்கட்டும். பூனை தவம் பண்ணுதுங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல. அதை வரைங்கடா” என்பார் அப்பா. கங்கைக் கரையில் கைகளை உயர்த்தித் தவக்கோலம் பூண்டு எலிகளை நம்ப வைத்துத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. நம் பேச்சில் அது உருத்திராட்சப் பூனை. பிள்ளைகள் வரைந்து முடித்ததும் அப்பா கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இது பொய்யான தவம்னு உன் படத்துல எங்கடா தெரியுது?” யாராலும் பதில் சொல்ல முடியாது. சிற்பத்திலும் அது தெரியவில்லை என்பதுதான் அவருடைய பாடம். மேற்பரப்பில் எல்லாம் சரியாக இருக்கும்.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில் அவருக்குக் கைநடுக்கம் வந்தது. கோடு இழுப்பதை விட்டார். 2017 தைப் பொங்கலை ஒட்டி மாமல்லபுரம் போயிருந்தோம். ஒரு சந்துக்குள் சிறிய கொட்டகையில் ஓர் இளைஞர் ரெசின் வார்த்துக்கொண்டிருந்தார். சிலிக்கான் ரப்பர் அச்சில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிறார். சில நிமிடங்களில் அது சூடாகி, வெளுத்து, இறுகிவிடுகிறது. அச்சைப் பிதுக்கினால் உள்ளேயிருந்து பூனை. நம் பூனை. அப்பாவின் முகம் மலர்ந்ததை அதற்குப் பின் நான் அதிகம் பார்த்ததில்லை. வண்ணமடிக்காத மூன்று பூனைகளைக் கேட்டு வாங்கினார். “பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு அடிங்க சார். அச்சுல எண்ணெய் விட்டிருக்கோம்” என்று அந்த இளைஞர் சொன்னது எனக்கும் கேட்டது.

பொருள் கைதவறிவிடும் என்பதால் கழுவும் வேலை என்னுடையது. அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரம். துண்டின் நுனியால் ஒரு பூனையைத் துடைத்து அப்பாவின் முன்னால் வைத்தேன்.

“கழுவிட்டியா?”

“கழுவிட்டேன்ப்பா.”

மாலை திரும்பியபோது அவர் பூனையை விளக்கருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னடா, தாமரை இலையில தண்ணி மாதிரி ஒதுங்குது? நிஜமாவே கழுவினியா?”

“கழுவினேன்ப்பா. கை நடுங்குதுல்ல, அதனால அப்படி இருக்கும்.”

அவர் பூனையைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வண்ணத்தைக் கெட்டியாகக் குழைத்து, ஒதுங்கிய இடங்களை ஒற்றி ஒற்றி மூடினார். பதினோரு காலைகள் அந்த வேலை நடந்தது. கண்களை எழுதும்போது வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டார். முடிந்தபோது பூனை அழகாகத்தான் இருந்தது. மேற்பரப்பில் எல்லாம் சரியாக இருந்தது.

2019இல் அப்பா காலமானார். பூனை ஆண்டுதோறும் கொலுப்படியில் நின்றது. கொலு முடிந்ததும் மற்ற பொம்மைகளோடு நாளிதழில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போயிற்று. 2021 நவராத்திரிக்குப் பிரித்தபோது தாள் பிரிய மறுத்தது. சற்று இழுத்தேன். பூனையின் முகம் தாளோடு வந்தது. உள்ளே வெள்ளை ரெசின், புதிதாக அச்சிலிருந்து எடுத்ததுபோல வழுவழுவென்று இருந்தது.

*

அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் ஜி.எஸ்.டி. சாலையோரம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். மாஸ்டர் செய்த பொம்மை என்று சொல்லிப் பூனையையும் தாளையும் அவரிடம் கொண்டுபோனேன். எப்படியாவது திரும்ப ஒட்டிவிட முடியாதா என்ற நப்பாசை. அவர் பூனையின் முதுகில் நகத்தால் கீறினார். அங்கும் வண்ணம் தோலாக உரிந்தது. பிறகு தாளிலிருந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அண்ணே, இதுல குழி குழியா இருக்கு பாருங்க. அடியில எண்ணெய் இருந்தா பெயிண்ட் இப்படித்தான் ஒதுங்கும். அடிக்கிற கை எவ்வளவு நல்ல கையா இருந்தாலும் ஒதுங்கும். மாஸ்டர் அதுக்கு மேல கெட்டியா வச்சு மூடியிருக்கார்.”

முகத்தின் உட்புறத்தில் ஊசிமுனை அளவுக்குப் பல வட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் இரண்டாம் பூச்சின் நிறம். அப்பா எங்கெங்கே தடுமாறினார், எங்கெங்கே சரிசெய்தார் என்பதற்கான முழுக் கணக்கும் அதில் இருந்தது. அவர் கையில் குற்றமில்லை என்பதற்கான சாட்சியமும் அதுதான்.

“வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறது அரை நாள் வேலைண்ணே. அதுக்கு முன்னாடி பட்டி பாத்துத் தேய்க்கிறதுதான் மூணு நாள். அந்த மூணு நாளை யாரும் வந்து பாக்க மாட்டாங்க” என்றார். மற்ற இரண்டு பூனைகளும் வீட்டில் அப்படியே இருக்கின்றன என்றேன். “அப்ப எடுத்துட்டு வாங்க. கத்துக்கலாம்.”

*

பிசின் என்ற சொல்லைத்தான் ரெசினுக்கு நிகராகத் தமிழில் எழுதுகிறோம். பிசின் என்றால் ஒட்டுவது. வேப்பம்பிசினும் கருவேலம்பிசினும் தாளை ஒட்டிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் இந்தச் செயற்கைப் பிசின் இறுகியபின் எதையும் எளிதில் ஒட்டவிடுவதில்லை. இதில் முரண் ஏதுமில்லை. பாலியூரித்தேன் போன்ற வார்ப்பு ரெசின்கள் இறுகும்போது அச்சின் மேற்பரப்பை அப்படியே படியெடுக்கின்றன. அச்சு வழவழப்பாக இருந்தால் வார்ப்பும் வழவழப்பு. வண்ணம் பிடித்துக்கொள்ள மேடுபள்ளம் இல்லை. இது முதல் தடை. இரண்டாவது, வார்ப்பு அச்சைவிட்டுச் சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசப்படும் எண்ணெய் அல்லது மெழுகு. பொருளை அச்சில் ஒட்டாதபடி செய்வதே அதன் தொழில். அந்தத் தொழிலை அது அச்சை விட்டு வெளியே வந்தபிறகும் விசுவாசமாகச் செய்துகொண்டிருக்கிறது. எதுவும் பூசாவிட்டாலும்கூடச் சிலிக்கான் ரப்பரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் வார்ப்பின் மேல் ஏறக்கூடும்.

ஒரு திரவம் ஒரு பரப்பில் ஒட்ட வேண்டுமானால் முதலில் அதை நனைக்க வேண்டும். நனைப்பது என்றால் பரவுவது. திரவத்தின் துகள்களுக்குத் தம்முள் இருக்கும் ஈர்ப்பைவிடப் பரப்பின் மேல் உள்ள ஈர்ப்பு ஓங்கினால் அது விரியும். இல்லையேல் தன்னைத்தானே கட்டிக்கொண்டு முத்தாக உருளும். தாமரை இலை அப்படித்தான் தண்ணீரை நடத்துகிறது: நுண்ணிய முனைகள், அவற்றின் மேல் மெழுகு. பற்றற்ற மனத்துக்கு நாம் ஆண்டாண்டு காலமாகச் சொல்லிவரும் உவமையை அப்பா வண்ணம் ஒதுங்கியதைச் சொல்லப் பயன்படுத்தினார். அறிவியல்படி அது மிகச் சரி. தமிழில் பற்று என்ற ஒரே சொல் சுவரில் பூச்சு பிடிப்பதையும் குறிக்கும், மனிதரை மனிதர் பிடித்திருப்பதையும் குறிக்கும்.

இன்னொன்றும் புரிந்தது. அப்பா பயன்படுத்தியது அக்ரிலிக் வண்ணம். அதிலுள்ள நீர் ஆவியாகும்போது நுண்ணிய பாலிமர்த் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து தொடர்ச்சியான ஒரு மென்படலமாகின்றன. கீழே பிடிப்பு இல்லையென்றாலும் அந்தப் படலம் தன்னளவில் ஒன்றாகவே நிற்கும். உடையாது, உதிராது. அதனால்தான் நான்கு ஆண்டுகள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒட்டியதுபோல் நின்றது. கிழக்கே கடலும் ஊருக்குள் கொளவாய் ஏரியும் உள்ள எங்கள் ஊரின் ஈரக் காற்றில், பரணின் வெக்கையில், படலம் இளகி நாளிதழோடு உறவு கொண்டது. ரெசினைவிடத் தாள் அதற்கு நெருக்கமாகிவிட்டது.

*

இரண்டாவது பூனையைக் கொண்டு நான் கற்றவற்றைச் சொல்கிறேன். இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்களுக்குப் பயன்படலாம்.

முதலில் கழுவுதல். இளஞ்சூட்டுத் தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு, பழைய பல்துலக்கி. எலிகளின் காதிடுக்கு, பூனையின் விலா எலும்புகளுக்கிடையே என்று ஒவ்வொரு பள்ளத்திலும் பல்துலக்கி போய்வர வேண்டும். கொதிக்கும் நீர் ஆகாது. ரெசின் சூட்டில் இளகி வளையும். அதே குணம் வேறொரு வகையில் உதவும். வார்ப்பில் கோணிப்போன கையையோ வாலையோ சுடுதண்ணீரில் சிறிது நேரம் வைத்து, மெதுவாக நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நிற்கும். என் பூனையின் வலது முன்னங்கால் அப்படித்தான் நிமிர்ந்தது.

அலசும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் உப்பு, காய்ந்தபின் பொம்மையின் மேல் வெள்ளைப் படிவாகத் தங்கும். அதன் மேல் பூசினால் வண்ணம் பிடிப்பது உப்பைத்தான், ரெசினை அல்ல. கடைசி அலசலுக்கு நான் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். அந்த நேரத்திலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். நீரில் முக்கி எடுத்து உற்றுப் பார்க்க வேண்டும். உலோகத்தில் போல ரெசினில் நீர் முழுமையாகப் படராமல் போகலாம். ஆனால் ஓரிடத்தில் மட்டும் தனியாக விலகி ஓடினால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று பொருள். மறுபடியும் கழுவ வேண்டும். கழுவியபின் வெறும் விரலால் தொடக் கூடாது. நம் தோலிலும் எண்ணெய் உண்டு. அடிப்பாகத்தில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிப் பிடித்துக்கொள்வது என் வழக்கம்.

அடுத்து பிசிர் எடுத்தல். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடும்; ரெசின் ஊற்றிய வாயில் ஒரு முளை நிற்கும். கூரிய கத்தியால் சுரண்டி எடுக்கலாம். காற்றுக் குமிழி விட்ட துளைகளுக்குப் பட்டி வைத்து நிரப்ப வேண்டும். பின்பு தேய்ப்பு. டிங்கர்கள் ‘வாட்டர் பேப்பர்’ என்று சொல்லும் ஈரத்தில் தேய்க்கும் தாள். முதலில் 400, பிறகு 600 எண். தேய்ப்பதன் நோக்கம் பளபளப்பு அல்ல, அதைப் போக்குவதுதான். பரப்பு மங்கலாக வேண்டும். அந்த மங்கலில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான் பூச்சுக்குப் பிடிமானம். உலர்வாகத் தேய்த்தால் எழும் ரெசின் தூசி நுரையீரலுக்குக் கேடு; தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதோடு முகக்கவசமும் அவசியம். தேய்த்தபின் மறுபடியும் ஒரு முறை கழுவிக் காயவைக்க வேண்டும். இதைச் சொன்னதும் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது.

கடைசியாகப் பிரைமர் என்னும் அடிப்பூச்சு. சாதாரண வண்ணத்தில் நிறம் கூடுதல்; பிரைமரில் பிடிப்பு கூடுதல். கீழேயுள்ள பரப்பைப் பற்றிக்கொள்ளவும், மேலே வரும் வண்ணத்துக்குச் சற்றே சொரசொரப்பான, ஒரே நிறமுள்ள தளமாக இருக்கவும் என்று இரண்டு கடமைகள் அதற்கு. டப்பாவை இரண்டு நிமிடமாவது குலுக்க வேண்டும். பொம்மைக்கு ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தூரம். பொம்மைக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி, அதைக் கடந்து, வெளியே போய் நிறுத்த வேண்டும். பொம்மையின் மேல் தொடங்கினால் முதல் துளிகள் கொப்பளமாக விழும். ஒரே பூச்சில் மூடிவிட ஆசை வரும். மூடினால் எலியின் காதும் பூனையின் விலாவும் பூச்சில் மூழ்கிவிடும். ரெசின் இன்னும் தெரிகிற அளவுக்கு மெல்லிய முதல் பூச்சு, கால் மணி கழித்து இரண்டாவது, வேண்டுமானால் மூன்றாவது. பிறகு ஒரு முழு நாள் தொடாமல் விட வேண்டும். மறுநாள் அடிப்பாகத்தில் செல்லோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்க்கலாம். டேப்பில் சாம்பல் நிறம் வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதிலெல்லாம் நம் ஊர்க் காற்று ஒரு தனிப் பாத்திரம். ஈரப்பதம் மிகுந்த நாளில் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பூச்சின் மேல் இறங்கி வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் நான் பிரைமரைத் தொடுவதில்லை. கோடையில் எதிர்ப் பிரச்சினை. கடற்காற்று ஏறுவதற்கு முந்தைய உச்சிவேளையில் துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து மணலாகப் போய்ப் படியும். தை, மாசியில் பனி விலகியபின் வரும் காலை ஒன்பது, பத்து மணி எனக்கு உகந்ததாக இருக்கிறது. வெளிநாட்டுக் கையேடுகளில் இந்த நேரக் கணக்கு இல்லை. அதை இடத்தோடு இருந்துதான் கற்க வேண்டும்.

இப்போது முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் எடுத்த உருவங்களும் பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றின் ரெசின் வேறு, ஒளியால் இறுகுவது. அதில் எண்ணெய்க்குப் பதில் இறுகாமல் எஞ்சிய பசையே எதிரி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, புறஊதா ஒளியில் முழுக்க இறுக வைத்தபிறகே அடிப்பூச்சு. இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் என்பதால் நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அலசிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

*

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்ற பழமொழியை உயிரோடிருந்தால்தான் எதுவும் செய்ய முடியும் என்ற பொருளில் சொல்கிறோம். அதைச் சொன்ன முதல் ஆள் ஓவியனாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. சுவர் இருந்தால் மட்டும் போதாது, அது ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

விஷ்ணு தர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் உள்ள சித்திர சூத்திரம், ஓவியச் சுவருக்கான பூச்சைச் செங்கற்பொடி, களிமண், பிசின், மெழுகு, வெல்லம் முதலியவற்றைச் சேர்த்து ஒரு மாதம் ஊறவைத்துத் தயாரிக்கச் சொல்கிறது. இத்தாலியில் 1400ஐ ஒட்டி எழுதிய சென்னினோ சென்னினியும் பலகைக்கு வெள்ளை அடிப்பூச்சு கொடுப்பதை அத்தியாயம் அத்தியாயமாக விவரிக்கிறார்.

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போனால் கைலாசநாதர் கோயில். இராசசிம்மப் பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தது. சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளில் மணற்கல்லின் மீது மெல்லிய சுண்ணப்பூச்சு, அதன் மீது ஓவியம். பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் 1930களின் தொடக்கத்தில் அவற்றை உலகறியச் செய்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அப்பூச்சுகளைச் சோதித்து ஆராய்ந்தார். நான் முன்பெல்லாம் அங்கே போனால் எஞ்சியிருக்கும் முகங்களைத் தேடுவேன். இப்போது முகம் போய்விட்ட இடங்களில் தெரியும் வெள்ளைப் பூச்சை நெருங்கிப் பார்க்கிறேன். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கல்லை விடாமல் பிடித்திருப்பது அது. அதைப் பூசியவர் யாராக இருந்தாலும், பூசுமுன் கல்லைத் துடைத்தேன் என்று பொய் சொல்லியிருக்க முடியாது.

மாமல்லபுரத்திலும் இன்று வெறுங்கல்லாக நிற்பதெல்லாம் வெறுங்கல்லாகவே இருந்ததில்லை. இப்போதும் வழிபாட்டில் உள்ள ஆதிவராகக் குடைவரையில் வராகர் சுதைப்பூச்சும் வண்ணமுமாகத்தான் நிற்கிறார். கடற்கரைக் கோயிலுக்கோ உப்பு பெரும்பகை. கடற்காற்று கொண்டுவரும் உப்பு கல்லின் நுண்துளைகளில் புகுந்து, காயும்போது படிகமாகிப் பரப்பைப் பொரித்து உதிர்க்கிறது. இந்தியத் தொல்லியல் துறை அங்கே காகிதக்கூழ் முறையைக் கையாண்டிருக்கிறது. நீரில் ஊறிய காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்புவார்கள். கூழ் காயும்போது உப்பைக் கல்லிலிருந்து தன்னுள் இழுத்துக்கொள்ளும். உரித்தெடுத்து மறுபடியும் அப்புவார்கள். உப்பைப் போக்காமல் மேலே எந்தக் காப்புப்பூச்சு கொடுத்தாலும் உப்பு உள்ளேயிருந்து அதைத் தள்ளிவிடும். என் பேட்டரித் தண்ணீருக்கும் அந்தக் காகிதக்கூழுக்கும் காரணம் ஒன்றே.

*

இத்தனையும் கற்றபின்னும் இழுப்பறையில் இருக்கும் அந்த முகம் என்னை விடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு வழி தென்பட்டது.

கருவறையைச் சுற்றிய உள்நடையில் வெளியே தெரிந்தது நாயக்கர் கால ஓவியம். அது உரிந்த இடங்களில் கீழே சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். கீழே உள்ளது ஈரச் சுண்ணத்தில் தீட்டப்பட்டுச் சுவரோடு ஒன்றியது. மேலே உள்ளது அதன் மேல் இன்னொரு பூச்சிட்டு எழுதியது. அந்தப் பிடிப்பு அத்தனை உறுதியாக இல்லை. அது நெகிழ்ந்ததால்தான் இராசராசன் காலத்து ஓவியம் நமக்குத் தெரியவந்தது. பிற்பாடு தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் அடுக்கை அழிக்காமல் தனியே பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஏற்றிக் காட்சிக்கு வைத்தார்கள். இவ்வாறு பெயர்ப்பதற்கு உலகெங்கும் உள்ள பொதுமுறை இது: ஓவியத்தின் முகத்தில் துணியையோ தாளையோ ஒட்டி, படலத்தை அதோடு உரித்து, முதுகைப் புதிய தளத்தில் பதித்து, பிறகு முன்புறத் தாளை நனைத்து எடுப்பார்கள். கண்ணாடியிழைப் பலகை என்பதும் ரெசின்தான்.

அப்பாவின் பூனையில் இந்த வேலையின் முதற்பாதியை நாளிதழ் தானாகவே செய்து முடித்திருக்கிறது. முகம் தாளில் இருக்கிறது. முதுகு வெளியே தெரிகிறது. இரண்டாவது பூனை அதே அச்சில் வார்த்தது. நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் அதே வளைவு. ஒட்டுவதற்கான தளம் தயார்.

டிங்கர் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ஒரே தடவைதான் சான்ஸ் அண்ணே. மொதல்ல வேற எதுலயாவது பழகுங்க” என்றார்.

பழகிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது பூனையை வேண்டுமென்றே கழுவாமல் வைத்திருக்கிறேன். அதன் மேல் நானே அக்ரிலிக் பூசி, காயவைத்து, ஈரத்துணியருகே நாளிதழில் சுற்றி வைத்து உரிக்கிறேன். உரிந்த படலத்தைப் பிரைமர் அடித்த ரெசின் துண்டில் மெல்லிய பசையால் பதித்து, மேலுள்ள தாளைச் சொட்டுச் சொட்டாக நனைத்துச் சுருட்டி எடுக்கிறேன். தண்ணீர் மிகுந்தால் படலம் ஊதி நெளிகிறது. குறைந்தால் தாள் வராமல் வண்ணம் வருகிறது. இதுவரை ஏழு முறை செய்ததில் மூன்று தேறின. இடது ஓரம் மட்டும் எப்போதும் மடிந்துவிடுகிறது. அதற்கு என்ன செய்வதென்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது பூனை சாளரத்தின் மேல் சாம்பல் நிறத்தில் கைகளைத் தூக்கி நிற்கிறது. கண் இல்லை. சென்ற வாரம் தூசி படிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவி, வடித்த நீரில் அலசி, மறுபடியும் காயவைத்தேன்.